பட்டாவோடு வரும் கணக்கு

இவ்வாரத் தியானப் பகுதி: யோசுவா 4:1–9, நெகேமியா 5:1–13, மத்தேயு 23:29–32

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாரே,



வருகிற அறுப்பின் பண்டிகைக்காக நம் வாலிபர் ஐக்கியத்தார் ஒரு திட்டத்தை முன்வைத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆலய முற்றத்தில், வாசலிலிருந்து பலிபீடத்தை நோக்கிச் செல்லும் பாதையின் இருபுறமும் கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக வைக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்திலிருந்து ஒரு பிடி மண்ணைக் கொண்டுவந்து ஒரு குடுவையில் இட வேண்டும். அந்த நிலம் யாரிடமிருந்து வந்தது, அதில் யார் ஏர் பிடித்தார்கள், யார் நாற்று நட்டார்கள், யார் அதை இழந்தார்கள் என்பதைக் குடுவையின் கீழே எழுதிவைக்க வேண்டும். நிலமில்லாத குடும்பத்தார், தங்கள் முன்னோர் உழைத்த அல்லது இழந்த இடத்து மண்ணைக் கொண்டுவரலாம். இதுவே அவர்கள் எண்ணம். சுவரில் மாட்டிய படத்தைப் போல் வெளியே நின்று பார்க்காமல், பார்ப்பவர் உள்ளே நடந்து சென்று உணரும்படி ஓரிடத்தில் அமைக்கப்படும் இத்தகைய படைப்பை நிறுவல் கலை என்கிறார்கள்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கோமரி என்னும் நகரத்தில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார்கள். வெள்ளையர் கும்பல்களால் விசாரணையின்றிக் கொல்லப்பட்ட கறுப்பின மக்களின் பெயர் எழுதிய குடுவைகள் அங்கே அடுக்கடுக்காக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும், அந்த மனிதர் கொல்லப்பட்ட இடத்து மண். பிரையன் ஸ்டீவன்சன் என்னும் வழக்கறிஞரின் அமைப்பு இதை முன்னின்று செய்தது. அதே நகரத்தில் 2018இல் அவர்கள் திறந்த நினைவிடத்தில் 800க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள் உள்ளன. கொலை நடந்த ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தூண். அதைப் போலவே செய்யப்பட்ட இன்னொரு தொகுதி வெளியே தரையில் கிடத்தப்பட்டிருக்கிறது. அந்தந்த வட்டாரத்து மக்கள் வந்து, நடந்ததை ஒப்புக்கொண்டு, தங்கள் தூணைத் தங்கள் ஊருக்கு எடுத்துச் செல்லட்டும் என்று அது காத்திருக்கிறது.

நம் சபைச் சங்கக் கூட்டத்தில் இது பேசப்பட்டபோது ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. "நன்றி செலுத்த வேண்டிய நாளில் பழைய புண்ணைக் கீறுவதா?" என்றார் ஒரு மூப்பர். "நாங்கள் யாருடைய நிலத்தையும் பிடுங்கவில்லை" என்றார் இன்னொருவர். சிலர் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார்கள். ஆகவே இவ்வாரத் தியானத்தை இதற்கென்றே ஒதுக்குகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பணியை நாம் செய்ய வேண்டும். ஆனால் இப்போது திட்டமிட்டிருக்கும் வண்ணமே செய்தால், அது நமக்கு ஆசீர்வாதமாக இராது.

நம் ஊரைப் பற்றி எல்லாரும் அறிந்த ஒரு வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். திருநாவலூர் என்றாலே நம் சைவ அயலார் சுந்தரரை நினைக்கிறார்கள். அவர் பிறந்த ஊர் இது. பெரியபுராணம் சொல்லும் அவருடைய திருமண நாள் நிகழ்ச்சியை நம்மில் பலரும் பள்ளியிலோ திண்ணையிலோ கேட்டிருக்கிறோம். மணப்பந்தலில் ஒரு முதியவர் வந்து நிற்கிறார். "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். மணமகன் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கிறது. கிழிக்கப்பட்டது படி மட்டுமே என்று சொல்லி, மூல ஓலையை முதியவர் எடுத்துக் காட்டுகிறார். பாட்டனாருடைய வேறு எழுத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எழுத்து ஒத்துப்போகிறது. தீர்ப்பு பேரனுக்கு எதிராக அமைகிறது.

முதியவராக வந்தவர் சிவபெருமானே என்பது அவர்களுடைய விசுவாசம். அதைப் பற்றி நான் இங்கே விவாதிக்கவில்லை. ஆனால் அந்தச் சபையைப் பற்றிய ஒரு குறிப்பு என்னை நெடுநாளாக யோசிக்க வைத்திருக்கிறது. "எழுதியவன் பாட்டன்; பேரனுக்கு என்ன வந்தது?" என்று கேட்டு அங்கே ஒருவரும் வழக்கைத் தள்ளிவிடவில்லை. ஓலை உண்மையா, பொய்யா என்பதையே அவர்கள் ஆராய்ந்தார்கள். உண்மை என்று கண்டபின், பாட்டனின் எழுத்துக்குப் பேரன் பதில் சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் இயல்பாகவே ஏற்றார்கள்.

நாமும் அதை ஏற்றுக்கொண்டுதான் வாழ்கிறோம், நமக்கு ஆதாயமாக இருக்கும் வரையில். பாட்டனார் பெயரில் இருந்த நிலத்துக்கு வாரிசுச் சான்று பெற்றுப் பட்டா மாற்றுகிறோம். அவர் எழுதிய உயில் செல்லும் என்கிறோம். அவர் நட்ட புளியமரத்தின் உலுக்கலைக் குத்தகைக்கு விடுகிறோம். அப்போதெல்லாம் "அது அவர் காலத்துச் செய்தி, எனக்கு என்ன சம்பந்தம்" என்று நாம் சொல்வதில்லை. அந்த நிலம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் மட்டுமே அந்தச் சொல் நம் வாயில் வருகிறது.

இங்கே உங்களில் வேதத்தை நன்கு வாசிக்கிறவர்கள் எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுவீர்கள். பிதாக்கள் தின்ற புளிப்புக் காய்க்காகப் பிள்ளைகளின் பல் கூசுவதில்லை. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமக்க வேண்டியதில்லை என்பது அங்கே உள்ள போதனை. அது தேவனுடைய வார்த்தை. அதை நான் முழுவதும் ஏற்கிறேன். பாட்டனார் செய்த பாவத்துக்காகக் கர்த்தர் உங்களைக் குற்றவாளி என்று தீர்க்கமாட்டார். அந்தப் பாரத்தை ஒருவர் மேலும் நாம் ஏற்றக் கூடாது. ஒரு பிள்ளை தான் பிறந்த தெருவுக்காக வெட்கப்படும்படி செய்வதும் நம் நோக்கம் அன்று.

ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. தகப்பன் கடன் வாங்கி மரித்தால், அதற்காக மகனை யாரும் சிறையில் தள்ளுவதில்லை. ஆயினும் தகப்பனிடமிருந்து எவ்வளவு சொத்து வந்ததோ அவ்வளவு வரைக்கும் அந்தக் கடனுக்கு வாரிசு பொறுப்பாளி என்று நீதிமன்றமும் சொல்கிறது, ஊர்ப் பெரியவர்களும் சொல்கிறார்கள். இதில் அநியாயம் ஒன்றும் இல்லை. சொத்தை எடுத்துக்கொண்டு கடனை மட்டும் உதறிவிடுவதே அநியாயம். நான் சொல்ல விரும்பும் காரியம் முழுவதும் இவ்வளவுதான்: பட்டா யார் கைக்கு வருகிறதோ, அதன் கணக்கும் அவர் கைக்கே வருகிறது.

நம் பகுதியில் இந்தக் கணக்கு எத்தன்மையது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மேற்கே தெரியும் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தலைமுறை தலைமுறையாக மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தார்கள். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அந்த மலை முழுமையாக அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1976இல்தான். பாட்டன் வாங்கிய சில மூட்டைத் தானியத்துக்காகப் பேரன் பண்ணையில் உழைத்துத் தீர்க்க வேண்டிய கடன்களை அந்தச் சட்டம் செல்லாதவை ஆக்கியது. நம் சபையில் அறுபது வயதைக் கடந்த எவருக்கும் இது ஏட்டில் படித்த சரித்திரம் அன்று; அவர்கள் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த நாட்களில் நடந்தது. ஏழையின் பேரன் பாட்டனுடைய கடனைச் சுமந்தான். அதை இயல்பு என்று ஏற்றுக்கொண்ட ஊர்கள்தாம், வசதியுள்ளவனின் பேரனிடம் ஒரு கேள்வி கேட்பதை அநியாயம் என்கின்றன.

சமவெளிக்கு வருவோம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்கீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனையும் சொந்தமில்லாமல் அவர்கள் வாழ்வதை அதில் எடுத்துரைத்தார். அக்காலத்தில் அப்பகுதியில் ஊழியம் செய்த ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிமாரும் அம்மக்களுக்கு நிலம் வேண்டும் என்று அரசை விடாமல் வற்புறுத்தினார்கள். 1892இல் சென்னை மாகாண அரசு அதற்கான ஆணையைப் பிறப்பித்தது. அதன்படி ஒப்படைக்கப்பட்டவையே இன்று நாம் பஞ்சமி நிலம் என்று அழைப்பவை. அவை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. முதல் பத்தாண்டுகளுக்கு அவற்றை விற்கக் கூடாது. அதன்பின்பும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. அப்படியிருந்தும் பஞ்சத்தில், கலியாணச் செலவில், கள்ளக் கையெழுத்தில் அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. அதை மீட்கக் கோரி நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

திருச்சபையின் பெட்டியிலும் இரண்டு வகை ஓலைகள் இருக்கின்றன. லைப்சிக் மிஷனின் ஊழியராய் இருந்த கார்ல் ஓக்ஸ் என்பவர், சபைக்குள் சாதி வேறுபாட்டைச் சகித்துக்கொள்ளும் அம்மிஷனின் போக்கை ஏற்க மறுத்து அதைவிட்டு வெளியேறினார். பண்ருட்டிக்கு அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் தொடங்கிய ஊழியத்தை 1860களில் டென்மார்க் மிஷன் ஏற்றுக்கொண்டது. அது நாம் பெருமையோடு எடுத்துக் காட்டும் ஓலை. ஆனால் அந்த மனிதர் வெளியேற வேண்டியிருந்ததே, அது மற்றோர் ஓலை. அதன் மை இன்னும் உலரவில்லை. 2008 மார்ச் 9 அன்று, அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், ஆலயத்துக்குள்ளும் இறுதி ஊர்வலத்திலும் தாங்கள் ஒதுக்கப்படுவதை எதிர்த்துத் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்கெனத் தனிப்பங்கு கேட்டிருந்த நாட்களில், கிறிஸ்தவரோடு கிறிஸ்தவர் மோதியதும், காவல்துறை சுட்டதில் இருவர் மாண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் கத்தோலிக்கர், நாம் வேறு என்று சொல்லி விலகிவிட வேண்டாம். நம்முடைய கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு வேலி நிற்கிறது. அதை யார் போட்டார்கள் என்று கேட்டால் எல்லாருமே "எங்களுக்குத் தெரியாது, முன்னோர் போட்டது" என்கிறோம். போட்டவர்கள் முன்னோர்தாம். ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளுக்கு முன்பாக அதற்குப் புதுக் கம்பி கட்டுகிறவர்கள் யார்?

உங்களிடம் கேட்பதை நான் முதலில் என்னிடம் கேட்க வேண்டும். ஆகையால் என் குடும்பத்தின் ஓலையைத் திறக்கிறேன்.

என் சொந்த ஊரில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. 1950களில் மழை பொய்த்த ஓராண்டில், காலனியைச் சேர்ந்த ஒரு குடும்பத்திடமிருந்து என் பாட்டனார் அதை வாங்கினார். கொடுத்த விலை சில மூட்டை கம்பும், முன்பு கொடுத்திருந்த கைமாற்றைத் தள்ளிவிட்டதும். என் பாட்டி இதை ஒரு தர்மமாகவே சொல்லி மகிழ்வார்: "நாம் கொடுத்த கம்பால்தான் அந்தப் பிள்ளைகள் பிழைத்தன." நானும் அதை நம்பினேன். பிற்காலத்தில் என் தகப்பனார் அந்த நிலத்தை விற்றார். அதில் ஒரு பகுதி என் இறையியற் கல்லூரிப் படிப்புக்குச் செலவாயிற்று. இன்று நான் உங்கள் முன் அங்கி அணிந்து நிற்கிறேன் என்றால், அந்த அங்கியில் அந்த நிலத்தின் பங்கு உண்டு.

வாலிபர்கள் இந்தத் திட்டத்தோடு வந்த பின்பு, என் குடுவையில் என்ன எழுதுவது என்ற கேள்வி எழுந்தது. பழைய பத்திரங்களைத் தேடி எடுத்தேன். தென்னாற்காடு மாவட்டம் என்று ஒன்றில், விழுப்புரம் மாவட்டம் என்று இன்னொன்றில். இன்று நாம் கள்ளக்குறிச்சி. மாவட்டத்தின் பெயர் மாறினாலும் நிலத்தின் எண்ணைப் பின்தொடர்ந்து செல்ல முடிந்தது. பழைய நிலப்பதிவேட்டின் நகலைப் பெற்றுப் பார்த்தபோது, அது நிபந்தனையுடன் ஒப்படைக்கப்பட்ட நிலம் என்று தெளிவாக எழுதியிருந்தது. என் பாட்டனாருக்கு அதை வாங்கும் உரிமையே இல்லை.

அந்தக் குடும்பத்தின் பேரன் இப்போது கட்டட வேலையில் இருக்கிறார். அவரைத் தேடிச் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எண்ணியிருந்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐயா, எங்க பாட்டியை அந்த நிலத்து ஓரத்துலதான் பொதைச்சாங்கன்னு எங்க அப்பா சொல்லுவாரு. எந்த எடம்னு உங்க வீட்டுல யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் அத்தைக்குத் தெரிந்திருந்தது. பனைமரங்கள் இரண்டு நிற்கும் மேற்கு வரப்பு. எழுபது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒருவர் அதை அறிந்திருந்தார். அறிய வேண்டியவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

என்னிடமிருந்த பத்திரங்களின் நகல்கள் அனைத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். நிலத்தை மீட்க அவர் அரசிடம் மனு கொடுக்க விரும்பினால் எனக்குத் தெரிந்ததைச் சாட்சியாகச் சொல்வேன் என்று வாக்களித்திருக்கிறேன். என் படிப்புக்குச் செலவான பங்கை அவர் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி என் உடன்பிறந்தாரோடு பேசத் தொடங்கியிருக்கிறேன். அண்ணன் இன்னும் ஒப்பவில்லை. இதனால் எங்கள் இருவருக்கும் இடையே பேச்சு குறைந்திருக்கிறது. காரியம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. உங்களிடம் கேட்பது எளிதன்று என்பதை நான் அறிவேன் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இப்போது வேதபகுதிக்கு வருவோம். நெகேமியா அந்நிய தேசத்தில், சூசான் அரண்மனையில் பணி செய்தவர். எருசலேமை அழிவுக்குக் கொண்டுவந்த பாவங்கள் அவர் பிறப்பதற்கு முன்பே நடந்தவை. ஆயினும் முதல் அதிகாரத்தில் அவர் ஜெபிக்கும்போது, தன்னையும் தன் தகப்பன் வீட்டாரையும் சேர்த்தே அறிக்கையிடுகிறார். அத்தோடு நின்றிருந்தால் அது ஓர் அழகிய ஜெபமாக மட்டும் இருந்திருக்கும். ஐந்தாம் அதிகாரத்தில் ஏழைகள் கூக்குரலிடுகிறார்கள்: வயல்கள் அடகில், பிள்ளைகள் அடிமைத்தனத்தில். நெகேமியா பிரபுக்களைக் கடிந்துகொள்கிறார். கடிந்துகொள்கையில், தானும் தன் சகோதரரும் தன் ஊழியக்காரரும் அவ்வாறே கடன் கொடுத்திருப்பதை மறைக்கவில்லை. அதன்பின் கேட்கிறார்: வயல்களையும் திராட்சத் தோட்டங்களையும் ஒலிவத் தோப்புகளையும் வீடுகளையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். நாளைக்கு என்று அவர் தவணை தரவில்லை. ஆசாரியரை அழைத்து ஆணையிடுவித்து, தம் வஸ்திரத்தின் மடியை உதறிக் காட்டினார். இந்த வாக்கை நிறைவேற்றாதவன் இப்படியே உதறப்பட்டு வெறுமையாவான் என்றார். அங்கே ஒரு காட்சிப் பொருள் இருந்தது. அந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு செயலும் இருந்தது.

செயல் இல்லாத நினைவுச்சின்னத்தைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னதை மத்தேயு 23இல் வாசிக்கிறோம். பிதாக்கள் கொன்ற தீர்க்கதரிசிகளுக்குப் பிள்ளைகள் கல்லறை கட்டி அலங்கரிக்கிறார்கள். அந்நாட்களில் நாங்கள் இருந்திருந்தால் அதற்கு உடன்பட்டிருக்க மாட்டோம் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். ஆண்டவர் அவர்களைப் பாராட்டவில்லை. அவர்கள் கட்டிய கல்லறையையே அவர்களுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டார். அன்பான வாலிபரே, உங்கள் குடுவைகளைப் பற்றி நான் அஞ்சுவது இதுவே. நாம் அழகாக விளக்கிட்டு, மெல்லிய இசை வைத்து, கண்கலங்கிப் படம் எடுத்துக்கொண்டு, "நம் முன்னோர் எவ்வளவு கொடியவர், நாம் எவ்வளவு நல்லவர்" என்று வீடு திரும்பினால், வெள்ளையடித்த கல்லறை ஒன்றை முற்றத்தில் கட்டியவர்கள் ஆவோம்.

இதை எனக்கு உணர்த்தியவர் நம் சபையின் மூத்த தாயார் ஒருவர். கூட்டம் முடிந்தபின் தனியே வந்து சொன்னார்: "ஐயா, எங்க மாமியார் நடவு நட்ட வயல்ல தாகத்துக்குத் தண்ணி கேட்டா, கையிலதான் ஊத்துனாங்க. அந்த மண்ணைக் கண்ணாடியில வெச்சு வெளக்குப் போட்டா பாக்குறவங்களுக்கு மனசு உருகும். உருகிட்டுப் போயிடுவாங்க. எனக்கு என்ன ஆகும்?" அவருக்குச் சொல்லப் பதில் என்னிடம் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாக அமையும்படி இந்தத் திட்டத்தை நாம் மாற்ற வேண்டும் என்று மட்டும் புரிந்தது. ஆகவே மூன்று காரியங்களைச் சபையின் முன் வைக்கிறேன்.

முதலாவது, இழந்தவர்களே முதலில் பேச வேண்டும். பேச மறுக்கவும் அவர்களுக்கு உரிமை வேண்டும். திட்டக் குழுவில் இப்போது கல்லூரி படித்த ஆறு பிள்ளைகள் இருக்கிறார்கள். காலனிக் குடும்பங்களின் மூத்தோர் சரிபாதியாக அதில் அமர வேண்டும். எந்தக் குடும்பத்தின் துயரமும் அக்குடும்பத்தின் சம்மதமின்றி எழுதப்படலாகாது. அந்தத் தாயார் "வேண்டாம்" என்றால், அவருடைய மாமியாரின் கதை அங்கே இராது. அது அவருக்குரியது.

இரண்டாவது, சபையின் மண் முதல் குடுவையில் இருக்க வேண்டும். இந்த ஆலய மனை எப்படி வந்தது, இதைக் கட்டக் கல் சுமந்தவர்கள் யார், பழைய பதிவேட்டில் சிலருடைய பெயருக்கு எதிரே மட்டும் சாதி ஏன் எழுதப்பட்டது என்பவற்றை நாமே எழுதி வாசலில் வைப்போம். உறுப்பினர் வீட்டுப் பத்திரத்தைக் கேட்கும் சபை, தன் பத்திரத்தை மறைக்கக் கூடாது.

மூன்றாவது, ஒவ்வொரு குடுவைக்கும் அருகில் வெறுமையான ஒரு மண்கலசம் வைக்கப்பட வேண்டும். எரேமியா 32ஆம் அதிகாரத்தில், எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நாளில் தீர்க்கதரிசி ஆனதோத்தில் ஒரு நிலத்தை வாங்குகிறார். சாட்சிகளை வைத்து, பணத்தை நிறுத்துக் கொடுத்து, அந்தக் கிரயப் பத்திரம் நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். நேர்மையாய்ப் பெறப்பட்ட நிலத்தின் பத்திரம் அது. எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கையும் அதனுள் இருந்தது. நம் கலசங்களில் நாம் இடவேண்டியது, செய்யப்போகும் ஒரு காரியத்தின் எழுத்து. ஒருவர் வழிப்பாதையை விட்டுக்கொடுக்கலாம். ஒருவர் பத்திர நகலைக் கொடுக்கலாம். ஒருவர் வட்டியைத் தள்ளலாம். ஒருவர் தன் வீட்டுத் தனிக் குவளையை உடைத்துப் போடலாம். சபையின் கலசத்தில் இடவேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும்: கல்லறைத் தோட்டத்து வேலியை அகற்றும் தீர்மானம். அடுத்த அறுப்பின் பண்டிகையன்று கலசங்களைத் திறந்து வாசிப்போம். ஒன்றும் நிறைவேறவில்லை என்றால், குடுவைகளை எடுத்து மண்ணை அந்தந்த நிலத்திலேயே கொட்டிவிடுவோம். மாண்ட்கோமரியில் வெளியே காத்துக்கிடக்கும் தூண்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது இதுவே என்று எண்ணுகிறேன்.

பண்டிகையில் இது எதற்கு என்று கேட்ட மூப்பருக்கும் ஒரு வார்த்தை. அறுப்பின் பண்டிகையன்று நெல்லும் கரும்பும் மரவள்ளியும் பூசணியும் கொண்டுவந்து படைக்கிறோம். ஏலத்தில் எடுத்து மகிழ்கிறோம். விளைச்சலுக்காக நன்றி செலுத்துகிற நாம், அது விளைந்த மண்ணின் உண்மையையும் கர்த்தரிடம் கொண்டுவருவது முறையே அன்றோ? காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் கற்பித்திருக்கிறார். நம் திட்டத்தில் பலிபீடத்துக்குச் செல்லும் பாதை குடுவைகளின் நடுவே அமைந்திருப்பதன் பொருள் அதுதான்.

யோர்தானைக் கடந்தபின் இஸ்ரவேலர் பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டினார்கள். பின்நாட்களில் பிள்ளைகள் இக்கற்கள் என்னவென்று கேட்பார்கள். அப்போது சொல்லுங்கள் என்பது கட்டளை. அதாவது, கல்லை நாட்டுவது பிள்ளைகள் கேள்வி கேட்பதற்காக. நம் வீட்டிலோ முறை மாறிவிட்டது. பிள்ளைகளே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். நாம் கல்லை மறைக்கிறோம்.

இவ்வாரம் உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பத்திரத்தை வெளியே எடுங்கள். பிள்ளைகளை அருகே அமர்த்திக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசியுங்கள். எழுதிக் கொடுத்தவர் பெயரும், அவர் வைத்த கைந்நாட்டும் எங்கே இருக்கிறதென்று பாருங்கள். அந்தப் பெயருடையவரின் பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று வீட்டாரைக் கேளுங்கள். பத்திரமே இல்லாத வீட்டார், உங்கள் மூத்தோர் சொல்லக்கூடியதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் நாம் எல்லாரும் கூடிப் பேசுவோம். ஒப்பாதவர்களும் வாருங்கள், உங்கள் சொல்லையும் கேட்க வேண்டும்.

ஜெபம்: பூமியையும் அதின் நிறைவையும் உமக்குரியதாகக் கொண்டிருக்கிற எங்கள் பரம பிதாவே, நாங்கள் எங்களுடையது என்று சொல்லும் நிலத்தில் பரதேசிகளாய் இருக்கிறோம் என்பதை எங்களுக்கு நினைப்பூட்டும். நாங்கள் பெற்றுக்கொண்டவற்றின் கணக்கைப் பார்க்கத் தைரியத்தைத் தாரும். இழந்தவர்கள் பேசும்போது குறுக்கிடாமல் கேட்கும் செவியைத் தாரும். கொடுக்க வேண்டியதை இன்றைக்கே கொடுக்கும் மனதைத் தாரும். எங்கள் பிள்ளைகள் எங்கள் கல்லறைகளின்மேல் வேலி காணாதிருக்கச் செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்